ஏழு சுற்றுத் திருகாணி!

"அய்யோ... அம்மா... செத்தேன்!"

காலை ஒன்பது பத்து. ரைஃபிள் கிளப் மைதானத்தில் எழுந்த அந்த அலறலில், தகரக் கூரை மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன.

கிளப்பின் செயலாளர் தரையில் குப்புறக் கிடந்தார்.

வெள்ளை பேண்ட். அதன் பின்பக்கத்தில்... சிவப்பாக ஒரு வட்டம். பார்க்கப் பார்க்கப் பெரிதானது!

பத்தடி தள்ளி, கையில் ரைஃபிளோடு ஒரு பெண் உறைந்து நின்றாள். வயது இருபத்திரண்டு. மூன்று வருடமாக அந்த கிளப்பின் சாம்பியன். 

"நான் சுடலை... ட்ரிகரைத் தொடவே இல்லை! போல்ட்டை மூடினேன், அதுவா வெடிச்சுடுச்சு!"

"தொடாமத்தான் என் பின்னாடி ஓட்டை விழுந்துச்சா?" என்று தரையிலிருந்தே கேட்டார் செயலாளர். "எல்லாரும் பார்த்துக்கங்க... குறி வெச்சு அடிச்சிருக்கா! போலீஸைக் கூப்பிடு! அதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸைக் கூப்பிடு!"

சாகப்போகிறவர் இவ்வளவு கோர்வையாகப் பேசமாட்டார். ஆகவே யாரும் பதற வேண்டாம். ஆள் பிழைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டவர்கள்தான் வேறு!

* * *

துப்பாக்கி ரிப்பேர் கடையில் போன் அடித்தது.

கடையின் சொந்தக்காரிக்கு வயது நாற்பத்தெட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். தெரு முழுக்க அவளுக்கு ஒரே பெயர்தான்... திருப்புளி!

காரணம் சுவரில் தொங்கியது. முப்பத்தாறு திருப்புளிகள். ஒவ்வொன்றின் நுனியையும் ஒவ்வொரு திருகாணியின் பள்ளத்துக்குத் தகுந்தபடி அவளே அரத்தால் தேய்த்து வைத்திருந்தாள். மேஜை விளிம்பில், பொருளை இறுக்கிப் பிடிக்க, தாடைகளுக்குத் தோல் ஒட்டிய ஒரு வைஸ். எங்கும் எண்ணெய் வாசனை. பக்கத்தில் ஆறிப்போன டீ.

போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா... நான்தான்."

தம்பி. அந்த வட்டாரத்தின் இன்ஸ்பெக்டர்.

"என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு? மறுபடியும் ஜீப்பை எங்கயாவது இடிச்சுட்டியா?"

"நீ முதல்ல உட்காரு."

"உட்கார்ந்துதான் இருக்கேன். சொல்லித் தொலை!"

"உன் பொண்ணு கிளப் செயலாளரைச் சுட்டுட்டா."

கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்து உருண்டது.

"உயிர்...?"

"அதெல்லாம் கெட்டியா இருக்கு. குண்டு பெஞ்சோட இரும்புக் கால்ல பட்டுத் தெறிச்சு, அவர் உட்கார்ற இடத்துல உரசிட்டுப் போயிருக்கு. ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்துக்கிட்டு எல்லாரையும் திட்டிக்கிட்டு இருக்கார்."

"அப்பாடா!"

"அப்பாடா போடாதே அக்கா! கொலை முயற்சின்னு புகார் குடுத்திருக்கார். நேத்து இவளும் அவரும் எல்லார் முன்னாடியும் சண்டை போட்டிருக்காங்க. 'இருங்க, நாளைக்கு உங்களை ஒரு வழி பண்றேன்'னு இவ கத்தியிருக்கா. பத்து சாட்சி!"

"அந்தாளு போட்டி லிஸ்ட்லேர்ந்து இவ பேரை அடிக்கப் பார்த்தார்டா. கோபத்துல வாய் விட்டிருப்பா. அவ சுடலைன்னு சொல்றாளா?"

"சொல்றா. ட்ரிகரைத் தொடவே இல்லையாம்."

"அப்ப தொடலை."

"இரு அக்கா... இங்கதான் சிக்கல்." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "ட்ரிகர் நல்லா இருந்தா, இவ அமுக்கித்தான் வெடிச்சிருக்கணும். கொலை முயற்சி! ட்ரிகர் கெட்டுப் போயிருந்தா... முந்தாநாள் அந்த ரைஃபிளை சர்வீஸ் பண்ணி, 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது யாரு?"



"நான்."

"அப்ப அலட்சியமா வேலை பார்த்து ஆளைக் காயப்படுத்தினதுக்கு நீ உள்ள! கடைக்கு சீல்!"

"ஆக, பொண்ணு இல்லைன்னா அம்மா. யாராவது ஒருத்தி உன் ஸ்டேஷன்ல களி திங்கணும். நல்ல தாய்மாமன்டா நீ!"

"நான் என்ன பண்ணட்டும்? மத்தியானம் ஒரு மணிக்குள்ள பேர் சொல்லுன்னு மேலதிகாரி கழுத்தை நெரிக்கிறார்."

"ஒரு மணிக்குத்தான்டா அவளுக்கு பஸ்! அணித் தேர்வு! மூணு வருஷமா தூங்காம உழைச்சிருக்கா புள்ள!"

"தெரியும். அதான் ரைஃபிளைத் தூக்கிட்டு உன் கடைக்கே வர்றேன். எங்க துப்பாக்கி மெக்கானிக் லீவுல இருக்கார். இந்த ஊர்ல அதைப் பிரிக்கத் தெரிஞ்ச இன்னொரு ஆள் நீதான்."

"மாட்டிக்கிட்டவளே பிரிச்சுப் பார்க்கலாமா?"

"ஏட்டு முழுசா வீடியோ எடுப்பார். சாட்சிக்குச் செயலாளரோட மகன் கூட நிப்பான்."

இது சட்டப்படி சரியா என்று கேட்கிறீர்களா? அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மணி பத்தரை!

* * *

ஜீப்பிலிருந்து முதலில் மகள் குதித்தாள். ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, சத்தியமா நான் தொடலைம்மா!"

"தெரியும்டி. மூக்கைத் துடை. சட்டையில அப்பாதே."

பின்னால் இன்ஸ்பெக்டர். இடுப்பில் தொங்கிய கைவிலங்கைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். க்ளிக்... க்ளிக்... பதற்றம் வந்தால் அவருக்கு அது ஒரு பழக்கம்.

அதற்கும் பின்னால் மொபைலைத் தூக்கிப் பிடித்தபடி ஏட்டு. கடைசியாக இறங்கினான் செயலாளரின் மகன்.

வயது இருபத்து நான்கு. கிளப்பில் இரண்டாம் இடம். சாம்பியன் போகாவிட்டால் பஸ்ஸில் ஏறப்போவது இவன்தான். தோளில் தயாராக ஒரு பெரிய பை! வலது கையில் மட்டும் ஒரு கறுப்பு க்ளவுஸ்!

அவன் யார் கண்ணையும் பார்க்கவில்லை.

"அப்பா எப்படி இருக்கார் தம்பி?" என்று கேட்டாள் திருப்புளி.

"ப... பரவாயில்லை ஆன்ட்டி."

"வெயில்ல எதுக்குப்பா ஒத்தைக் கையில க்ளவுஸ்?"

"சும்மா... பழக்கம்."

அவன் கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

திருப்புளி ரைஃபிளை வாங்கினாள். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை உருவி வைத்தாள். குழாயைக் கண்ணருகே வைத்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தாள். தலைகீழாகத் திருப்பி, தோல் ஒட்டிய வைஸில் அலுங்காமல் பிடித்து முடுக்கினாள்.

"வீடியோ ஓடுதா ஏட்டு? கேட்டுக்கங்க. இந்த மரக்கட்டையையும் உள்ள இருக்கிற இரும்பையும் சேர்த்துப் பிடிக்கறது ரெண்டே ஸ்க்ரூ. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டையும் கழட்டினா கட்டை தனியா வந்துடும், ட்ரிகர் பெட்டியைப் பார்த்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

சுவரிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தாள். முன் திருகாணியின் பள்ளத்தில் வைத்தாள். சுற்றினாள்.

ஒன்று... இரண்டு...

பொத்!

திருகாணி உள்ளங்கையில் விழுந்தது.

மகள் வாயைத் திறந்தாள். "அம்மா, இது ரெண்டே சுத்துல..."

"நீ பேசாம இரு!"

அந்த அதட்டலில் ஏட்டின் மொபைலே ஆடியது. திருப்புளி திருகாணியை ஒரு வெள்ளைத் தாளில் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த கவலை போய், அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. தம்பி அதைக் கவனிக்கவில்லை.

"அடுத்தது அக்கா, சீக்கிரம்!"

பின் திருகாணியின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தாள்.

"அடப்பாவி! எவன்டா இதை எலி மாதிரி கடிச்சு வெச்சது?"

எல்லோரும் குனிந்தார்கள். திருகாணித் தலையின் பள்ளம் சிதைந்து, ஓரமெல்லாம் நைந்திருந்தது. போதாததற்குச் சுற்றிலும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

ஒரு திருப்புளியை எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். சர்ரக்! வழுக்கியது.

"இது உன் வேலை இல்லையே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உனக்கென்ன மரை கழண்டுடுச்சா? முப்பத்தாறு திருப்புளியைத் தேய்ச்சு மாட்டி வெச்சிருக்கேன்... எதுக்கு? அழகுக்கா? கடையில விக்கற சாதா ஸ்க்ரூடிரைவர் நுனி ஆப்பு மாதிரி சரிவா இருக்கும். பலமா முறுக்கினா மேல ஏறி வழுக்கும், பள்ளத்தைச் சிதைச்சுடும். இது வீட்டுல ஃபேன் மாட்டற ஸ்க்ரூடிரைவரால பண்ணின வேலை. அதுக்கு மேல அவசரப் பசை வேற! நாலு செகண்ட்ல ஒட்டுமே, அது. காய்ஞ்சா இப்படித்தான் வெள்ளையாப் பூக்கும்."

"அப்ப யாரோ ரைஃபிளைத் திறந்திருக்காங்க!"

"திறந்ததுல திணறலைடா. இங்க பாரு... கழட்டும்போது வழுக்கினா பள்ளத்தோட இந்த ஓரம் சிதையும். முடுக்கும்போது வழுக்கினா எதிர் ஓரம். இது முடுக்கும்போது சிதைஞ்சது. ஒழுங்காத் திறந்துட்டு, மூடத் தெரியாம முழிச்சிருக்கான்!"

இன்ஸ்பெக்டர் மகள் பக்கம் திரும்பினார். "ரைஃபிள் நைட்டெல்லாம் எங்க இருந்துச்சு?"

"கிளப் லாக்கர்ல மாமா. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு செயலாளர் வீட்டுல."

"வீட்டுலன்னா..."

எல்லோர் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. செயலாளரின் மகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். இடது கையால்!

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. செயலாளர்!

"என்ன இன்ஸ்பெக்டர், ரிப்போர்ட் எழுதியாச்சா?"

"ஒரு ஸ்க்ரூ மாட்டிக்கிச்சு சார். தலை தேய்ஞ்சிருக்கு, வர மாட்டேங்குது."

"ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிட்டு என்னய்யா கொஞ்சறீங்க? ட்ரில்லைப் போட்டுத் தூள் தூளா ஆக்குங்க! இல்லைன்னா ரம்பத்தை எடுத்து அறுங்க. நான் இங்க உட்கார முடியாம கிடக்கேன், நீங்க ஸ்க்ரூ எடுக்கறீங்களா!"

டொக்.

"தூளாக்கச் சொல்றார் அக்கா. மணி பதினொண்ணே கால்."

"தூளாக்கினா நானோ இவளோ உள்ள போயிடுவோம்டா. இந்த ஸ்க்ரூ முழு நீளத்துக்கு எனக்கு வேணும். ஒரு இழை குறையக் கூடாது!"

"எதுக்கு?"

"வெளிய வரட்டும், சொல்றேன்." அவள் மகளிடம் கையை நீட்டினாள். "உன் பையில நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி இருக்கா?"

"இப்ப எதுக்கும்மா அழகு பண்ணிக்கறே?"

"குடுடி! இந்தப் பசைக்கு அதுதான் எமன்."

ஊசியால் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெள்ளைப் பூச்சு மெல்ல இளகியது. துடைத்தாள். மறுபடி விட்டாள். மறுபடி துடைத்தாள். கால் மணி நேரம் போனது. பிறகு பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கித் திருகாணித் தலையில் மட்டும் வைத்து எடுத்தாள். உள்ளே மிச்சமிருந்த பசை பொரிந்து, மூக்கைத் துளைக்கும் ஒரு நாற்றம் வந்தது.

ஏட்டு தும்மினார். வீடியோவிலும் பதிவானது.

"இப்ப வரும் பாரு."

சிதைந்த பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு திருப்புளியின் நுனியைப் புதிதாகத் தேய்த்தாள். பொருத்தினாள். உடம்பின் கனத்தையெல்லாம் அதன் மேல் சாய்த்தாள். மெதுவாக முறுக்கினாள்...

சர்ரக்!

பள்ளத்தில் மிச்சமிருந்த ஓரமும் போயிற்று. இப்போது திருகாணித் தலை மொட்டை!

"போச்சு!" இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார். "மணி பன்னெண்டு அஞ்சு! அக்கா, என்னை மன்னிச்சுடு. நீயா அவளா... நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

"என்னை எழுதிக்க மாமா," என்றாள் மகள் பட்டென்று. "பஸ் போனா அடுத்த வருஷம் வரும். கடை போனா அம்மா என்ன பண்ணுவாங்க?"

திருப்புளிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

"வாயை மூடுடி கழுதை! நான் இன்னும் ட்ரில்லையே கையில எடுக்கலை."

"ட்ரில்லா? தூளாக்கக் கூடாதுன்னு சொன்னே?"

"தூளாக்கறது வலப்பக்கம் சுத்தற பிட். என்கிட்ட இடப்பக்கம் சுத்தற பிட் இருக்கு. ஸ்க்ரூ கழலறதும் இடப்பக்கம்தானே? பிட் தலையைக் கவ்வற நேரம், அந்த முறுக்குலயே ஸ்க்ரூவையும் சேர்த்துத் திருப்பி வெளிய இழுத்துட்டு வந்துடும்."

"வரலைன்னா?"

"ஒரு நூல் ஆழம் அதிகமாப் போச்சுன்னா தலை மட்டும் கையோட வந்துடும். உடம்பு உள்ள நின்னுடும். நான் உன்கூட வந்துடுவேன்."



மொட்டைத் தலையின் சரியான நடுவில் ஒரு சின்னப் புள்ளி குத்தினாள். பிட்டை அதன் மேல் வைத்தாள். பட்டனை அழுத்தினாள்.

கிர்ர்ர்ர்...!

பளபளவென்று இரும்புத் துருவல் எழுந்தது. மெல்லிய புகை...

திருகாணி அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். செயலாளரின் மகன் பையை இறுக்கினான். இன்ஸ்பெக்டரின் கை தானாக விலங்குக்குப் போனது.

கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்...

டக்!

அசைந்தது!

"வருது... வருது!" என்று ஏட்டு துள்ளினார். வீடியோவில் ஐந்து விநாடி கடையின் கூரை மட்டும் பதிவானது.

எங்கிருந்தோ 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

திருப்புளி ட்ரில்லை நிறுத்தினாள். மீதியைக் குறட்டால் பிடித்துக் கையாலேயே சுற்றினாள். வாய்விட்டு எண்ணினாள். எண்ணிக்கை ஆறைத் தாண்டியதும் திருகாணி முழுசாக வெளியே வந்தது. வெள்ளைத் தாளில், முதல் திருகாணிக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைத்தாள்.

பின் திருகாணி நீளம். முன் திருகாணி குட்டை. ஏறக்குறைய பாதி!

"இதைத்தான்டா முழுசாக் கேட்டேன்! ஏட்டு, கிட்ட வந்து எடுங்க. இந்த ரைஃபிளுக்கு நீள ஸ்க்ரூ முன்னாடி, ஏழு சுத்து. குட்டை ஸ்க்ரூ பின்னாடி, நாலு சுத்து. எந்தத் துப்பாக்கியைப் பிரிச்சாலும் எண்ணிக்கிட்டே பிரிக்கறது எங்க வழக்கம். இவ ஏழு வயசுலேர்ந்து என்கூட எண்ணினவ. திறந்தவன் எண்ணலை. ரெண்டு ஸ்க்ரூவையும் ஒரே கிண்ணத்துல போட்டு, மாத்தி மாட்டிட்டான்!"

"மாத்தி மாட்டினா என்ன ஆகும்?"

"பின்னாடி ட்ரிகர் பெட்டி இருக்கு. நீள ஸ்க்ரூ உள்ள போய் அதை முட்டிடும். கட்டை இறுகாது. இறுகலையேன்னு இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்கு... தலை சிதைஞ்சுடும். ஆடாம இருக்கப் பசை! ஸ்க்ரூ நுனி உள்ள போய் ட்ரிகரோட கொக்கியைத் தள்ளிக்கிட்டே நின்னிருக்கு. இவ போல்ட்டை மூடினதுதான் தாமதம்..."

"டமார்!" என்றார் ஏட்டு.

மரக்கட்டையைத் தூக்கினாள். கொக்கியின் மேல் திருகாணி நுனி அழுத்திய தடம் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னொண்ணும் பாரு. ட்ரிகரோட இறுக்கத்தை யாரோ வேணும்னே தளர்த்தியிருக்கான். தேர்வுக்கு முன்னாடி ட்ரிகர்ல எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பாங்க. விதியில சொன்னதை விட லேசா இருந்தா ஆள் வெளிய! யாரையும் சாகடிக்கறது இல்லைடா நோக்கம். இவ தோத்துத் திரும்பி வரணும்."

"இவ வெளிய போனா... உள்ள போறது யாரு?"

இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்கிறவர் போலச் செயலாளரின் மகனை நோக்கி நடந்தார். ஏனோ ஒரு கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

"வீட்டுல சாவி! தோள்ல பை! அவசரப் பசை கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போகாது. க்ளவுஸைக் கழட்டுடா!"

"வே... வேண்டாம் சார்!"

"கழட்டு!"

ஏட்டே பாய்ந்து உருவினார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பசை இல்லை. காயம் இல்லை. ஆனால்... ஐந்து விரலிலும் நகமே இல்லை! அடிவரை கடித்துக் குதறியிருந்தது.

"பயம் சார்," என்றான் அவன், அழாக்குறையாக. "போட்டின்னாலே கடிச்சுடுவேன். கடிக்கக் கூடாதுன்னுதான் க்ளவுஸ். எனக்கு வெடிச் சத்தமே ஆகாது சார்! அப்பாதான் பிடிச்சுத் தள்றார். நான் கேக் செய்யப் படிக்கணும்னு நாலு வருஷமாக் கெஞ்சறேன். இந்தப் பையில கூட குண்டு இல்லை, கேக் புத்தகம்தான் இருக்கு!"

பையைத் திறந்தார்கள். அட, ஆமாம்! அட்டையில் மூன்றடுக்கு கேக்!

மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

"அப்ப யாருதான்டா?" இன்ஸ்பெக்டர் தளர்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி," என்றாள் திருப்புளி நிதானமாக. "புகார்ல அந்தாளு கையெழுத்துப் போட்டாரா?"

"இல்லையே. இடது கைப் பெருவிரல் ரேகை வெச்சார்."

"அவரா?" மகள் திரும்பினாள். "ரெண்டு டிகிரி வாங்கினவர் மாமா! ஒரு பேப்பர் கிளிப் வாங்கற ரசீதுல கூட பச்சை மையில அரைப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போடுவார்!"

"வலியில போட முடியலைன்னு..."

"அடி பட்டது எங்கடா?" என்று கேட்டாள் திருப்புளி. "கையிலயா?"

இன்ஸ்பெக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் அது கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் பறந்தது. ஸ்பீக்கரில் ஒரு நர்ஸ்.

"சிஸ்டர், உங்க வார்டுல குப்புறப் படுத்திருக்காரே... அவரோட வலது கை எப்படி இருக்கு?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க? வந்ததுலேர்ந்து பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி வெச்சுக்கிட்டு, பிரிக்கவே மாட்டேங்கறார். ஊசி போடக் கூட அந்தக் கையைக் குடுக்கலை. கேட்டா தியானம் பண்றேன்னு சொல்றார்!"

கடையே வெடித்துச் சிரித்தது. செயலாளரின் மகன்தான் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தான்.

"சிஸ்டர், நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியை நாலு சொட்டு அந்த விரல்ல விடுங்க. தியானம் கலைஞ்சுடும். போனை அவர்கிட்ட குடுங்க!"

சற்று நேரம் முனகல் மட்டும் கேட்டது. பிறகு ஈனமாக ஒரு குரல்.

"இன்ஸ்பெக்டர்... எல்லாத்தையும் பேசித் தீர்த்துக்கலாமே..."

"காலையில எத்தனை மணிக்கு சார் லாக்கரைத் திறந்தீங்க?"

"எட்டு... எட்டரைக்கு. ட்ரிகரை லேசாக்கணும்னுதான் நினைச்சேன். சத்தியமா அவ்வளவுதான்! அந்தப் பாழாப்போன ஸ்க்ரூ முடுக்க வரலை. எப்படியாவது பையன் ஒரு தடவை அணியில..."

"அப்பா," என்று மகன் போனை நோக்கிக் குனிந்தான். "நான் கேக் படிக்கப் போறேன்ப்பா."

மறுமுனையில் பெரிதாக ஒரு முனகல். குண்டு பட்டபோது கூட அவ்வளவு வலித்திருக்காது!

* * *

திருப்புளியின் கைகள் பறந்தன. ட்ரிகரின் இறுக்கத்தைச் சரிசெய்து, எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். டப்பாவிலிருந்து இரண்டு புதுத் திருகாணிகள் வந்தன. முன்னால் ஏழு சுற்று. பின்னால் நாலு. இந்த முறை அம்மாவும் மகளும் சேர்ந்து எண்ணினார்கள்.

பழைய திருகாணிகளை இன்ஸ்பெக்டர் உறையில் போட்டார்.

"ரைஃபிளையே தூக்கிக் குடுக்கறோமே சார், சாட்சிப் பொருளாச்சே?" என்றார் ஏட்டு.

"இந்த ரெண்டு ஸ்க்ரூவும், உன் வீடியோவும், அவர் வாக்குமூலமும் போதும்யா. மேலதிகாரியே சரின்னுட்டார். ஜீப்பை எடு. இவளை பஸ்ல ஏத்திட்டு வா!"

மகள் குனிந்து அம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். எண்ணெய்க் கறை மூக்கில் ஒட்டிக்கொண்டது.

"ஜெயிச்சுட்டு வர்றேம்மா!"

"ஜெயி, ஜெயிக்காமப் போ. அதுவா மட்டும் வெடிக்க விடாதே!"

"சார், நானும் போகட்டுமா பஸ் ஸ்டாண்டுக்கு?" என்று கெஞ்சினான் செயலாளரின் மகன். "அணிக்காரங்ககிட்ட நான் வரலைன்னு நானே சொல்லணும். ஆசையா இருக்கு!"

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. மணி பன்னிரண்டு நாற்பது.

கடையில் அக்காவும் தம்பியும் மட்டும். புது டீ வந்தது. திருப்புளி ஒரு வாய் குடித்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. ஸ்க்ரூ மாறியிருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் ஸ்க்ரூ ரெண்டே சுத்துல கையில விழுந்துச்சே, அப்பவே."

"அடிப்பாவி! ரெண்டு மணி நேரம் என்னை ஏன் தவிக்க விட்டே?"

"வெளிய எடுத்துக் காட்டாம நான் சொன்னா, 'உள்ள போகாம இருக்கக் கதை விடறா'ன்னு உன் மேலதிகாரி சொல்லமாட்டாரா? அதுவும் இல்லாம... கூடப்பிறந்தவ கடைக்கு விலங்கை ஆட்டிக்கிட்டு வந்தேல்ல? அதுக்குக் கொஞ்சம் தவிக்கட்டும்னு விட்டேன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. டீயையும் தொடவில்லை.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அரை மணி நேரமாகத் தம்பியின் இடது கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

"என்னடா... நீயும் தியானமா?"

"அக்கா... திட்டக் கூடாது."

கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். மணிக்கட்டில் பளபளவென்று விலங்கு! மறுமுனை அவருடைய இடுப்பு பெல்ட்டிலேயே பூட்டியிருந்தது.

"ஸ்க்ரூ அசைஞ்சப்போ... பதற்றத்துல... க்ளிக்னு..."

"சாவி?"

"ஏட்டு பாக்கெட்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டார். மேலதிகாரி ஒரு மணிக்கு இங்கயே நேர்ல வர்றாராம்..."

திருப்புளி டீயைக் கீழே வைத்தாள். எழுந்தாள். ட்ரில்லில் பிட்டை மாட்டி, பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

கிர்ர்ர்ர்...!

"அக்கா! வேண்டாம் அக்கா!"

"கையை ஆட்டாம வைடா. இந்தத் தடவை முழுசா வரணும்னு எனக்கு அவசியம் இல்லை!"